இலவசச் சட்ட உதவிக்கான அரசுப் பணம்: எவ்வழியே வருகிறது, செட்டிநாட்டில் எங்கே தேங்குகிறது

காரைக்குடியை அடுத்த ஓர் ஊரிலிருந்து, ஊர்ச் சங்கத்தின் பொறுப்பில் இருக்கும் ஒருவர் மூன்று கேள்விகளை எழுதியிருந்தார். வசதியற்றவர்களுக்காக வழக்காட அரசு உண்மையிலேயே பணம் ஒதுக்குகிறதா, ஒதுக்கினால் அது யார் கை வழியாக வருகிறது என்பது முதல் கேள்வி. அரசுப் பணத்தில் அமர்த்தப்படும் வழக்கறிஞர் அரசுக்கு எதிரான வழக்கை மனமுவந்து நடத்துவாரா என்பது இரண்டாவது. சங்கத்தார் நன்கொடை திரட்டி ஊரிலேயே ஓர் இலவசச் சட்ட மையம் தொடங்கினால் அதற்கு அரசு மானியம் கிடைக்குமா என்பது மூன்றாவது. இந்த வட்டாரத்து நீதிமன்றங்களில் நெடுங்காலம் தொழில் செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த அளவில் விடை சொல்கிறேன்.

செட்டிநாட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் ஒரு தவறான எண்ணம் குறுக்கே நிற்கும். இங்கே ஊருணி, சத்திரம், வேதபாடசாலை, பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாமே மகமை என்னும் வணிகர்களின் பொதுநிதியாலும் தனியார் தருமத்தாலும் எழுந்தவை. அதனால் இலவசச் சட்ட உதவியையும் யாரோ இரக்கப்பட்டுச் செய்யும் தருமம் என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கேட்கக் கூசுகிறார்கள், கிடைக்காவிட்டால் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் இது அரசு செய்தே தீரவேண்டிய கடமை. 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் 39அ என்னும் உறுப்பு சேர்க்கப்பட்டு, பொருளாதாரக் குறைவால் எவருக்கும் நீதி மறுக்கப்படாதபடி இலவசச் சட்ட உதவி அளிக்கும் பொறுப்பு அரசின்மீது வைக்கப்பட்டது. அது வழிகாட்டு நெறிதானே, அதைக் காட்டி வழக்குப் போட முடியாதே என்று கேட்கலாம். அந்த இடைவெளியை உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றிய 1979ஆம் ஆண்டின் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், வசதியில்லாமல் குற்றம் சாட்டப்பட்டு நிற்பவருக்கு வழக்கறிஞர் வைத்துத் தருவது, உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆவது உறுப்பின் கீழ்வரும் உரிமை என்று அது கூறியது. பாகல்பூரில் கைதிகளின் கண்கள் குருடாக்கப்பட்ட கொடுமையிலிருந்து எழுந்த காத்ரி வழக்கில், 1980ஆம் ஆண்டின் இறுதியில், நிதி இல்லை என்றோ நிர்வாக வசதி இல்லை என்றோ சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றும் தீர்ப்பளித்தது. 1986இல் சுக் தாஸ் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே சென்று, குற்றம் சாட்டப்பட்டவர் தாமாகக் கேட்கவில்லை என்பதற்காக உதவியை மறுத்திருந்தால் அந்தத் தண்டனையே நிற்காது என்றது. ஆகவே பணம் ஒதுக்குவதா வேண்டாமா என்பது அரசின் விருப்பத்தில் இல்லை. எவ்வளவு ஒதுக்குவது என்பது மட்டுமே அதன் கையில் இருக்கிறது. சிக்கல் முழுவதும் அந்த ‘எவ்வளவு’ என்பதிலும், அது கடைசிக் கைக்கு வந்து சேரும் முறையிலும்தான் கிடக்கிறது.

இதற்கான சட்டம் 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம். நாடாளுமன்றம் இயற்றி எட்டாண்டுகள் கழித்து, 1995 நவம்பர் 9 அன்றுதான் அது நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் தேசியம், மாநிலம், மாவட்டம் என்ற மட்டங்களில் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களையும், அவற்றுக்கென மூன்று நிதியங்களையும் ஏற்படுத்துகிறது. முதலாவது தேசியச் சட்ட உதவி நிதியம். மத்திய அரசின் மானியமும், பிறர் தரும் நன்கொடையும், நீதிமன்ற உத்தரவின்படி வரும் தொகையும் இதில் சேர்கின்றன. இரண்டாவது மாநில நிதியம். தேசிய ஆணைக்குழு அனுப்புவதும் மாநில அரசு தருவதும் இதில் விழுகின்றன. மூன்றாவது மாவட்ட நிதியம். மாநில ஆணைக்குழு அனுப்பும் தொகைதான் இதற்குப் பெரும்பாலும் ஆதாரம். வாய்தா மேல் வாய்தா வாங்கிக் காலம் கடத்துகிற கட்சிக்காரரிடம், ‘செலவுத் தொகையைச் சட்டப்பணிகள் குழுவில் கட்டிவிட்டு வா’ என்று நீதிபதி உத்தரவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இவ்வகை நிதியங்களுக்குத்தான் போகிறது. மூன்று மட்டத்துக் கணக்குகளையும் தணிக்கை செய்யும் அதிகாரம் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரிடம் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தேசிய ஆணைக்குழுவின் அலுவலகச் செலவும் ஊழியர் சம்பளமும் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்தும், மாநில ஆணைக்குழுவுக்கு உரியவை மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்தும் நேராக வருகின்றன. மாவட்ட ஆணைக்குழுவின் நிர்வாகச் செலவையோ மாவட்டச் சட்ட உதவி நிதியத்திலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். தேவகோட்டை, காரைக்குடி போன்ற இடங்களில் இயங்கும் வட்டச் சட்டப்பணிகள் குழுக்களின் செலவும் அதே மாவட்ட நிதியத்தின் தலையில்தான் விழுகிறது. அதாவது மேலே இருப்பவர்களுக்கு நிர்வாகத்துக்குத் தனிப் பை இருக்கிறது. மக்கள் நேரில் வந்து நிற்கிற கீழ்மட்டத்துக்கு ஒரே பைதான். மேசை நாற்காலியிலிருந்து முகாமுக்குப் போடும் பந்தல் வரை அந்தப் பையிலிருந்து போன பிறகு மிஞ்சுவதில்தான் வழக்கு நடக்க வேண்டும். மழை எவ்வளவு பெய்தாலும் வரத்துக்கால் தூர்ந்து கிடந்தால் ஊருணி நிரம்பாது என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தொகை எவ்வளவு என்று கேட்டால், தேசிய ஆணைக்குழுவுக்கு மத்திய அரசு 2019-20இல் தந்த மானியம் 140 கோடி ரூபாய். நாட்டின் மக்கள்தொகையோடு வகுத்தால் தலைக்கு ஏறத்தாழ ஒரு ரூபாய். கொரோனா ஆண்டான 2020-21இல் அது 100 கோடியாகக் குறைந்து, 2022-23இல் 190 கோடிக்கு உயர்ந்தது. மாநிலங்கள் தம் பங்குக்குச் செலவிடுவதையும் சேர்த்தால் நிலைமை கொஞ்சம் மேல். நீதித்துறையின் நிலையை மாநிலவாரியாக ஆராய்ந்து வெளியிடப்படும் ‘இந்தியா ஜஸ்டிஸ் ரிப்போர்ட்’டின் 2025ஆம் ஆண்டுப் பதிப்பு, சட்ட உதவிக்காக ஆண்டுக்குத் தலைக்கு 6 ரூபாய் 46 காசு செலவாகிறது என்று கணக்கிடுகிறது. நீதிமன்ற வாசலில் ஒரு தேநீருக்கே அந்தத் தொகை போதாது. அதே அறிக்கை, கிராமங்களுக்கும் ஆணைக்குழுவுக்கும் நடுவே பாலமாக இருக்க வேண்டிய சட்டத் தன்னார்வத் தொண்டர்களின் எண்ணிக்கை 2019க்கும் 2024க்கும் இடையில் 38 சதவீதம் குறைந்துவிட்டதாகவும் சொல்கிறது. தொகை ஏறுகிறது, ஆனால் வாசலில் நிற்கும் ஆள் குறைகிறார் என்பது எனக்கு மொத்தத் தொகையின் சிறுமையைவிடக் கவலையளிக்கிறது.

யாருக்கு இந்த உதவி கிடைக்கும் என்பதைப் பன்னிரண்டாம் பிரிவு வகுத்திருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், ஆள்கடத்தலுக்கோ கொத்தடிமை முறைக்கோ இரையானவர்கள், பெருவெள்ளம், வறட்சி, சாதி வன்கொடுமை போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. இவர்களில் சேராதவர்களுக்கு மட்டும் வருமான வரம்பு உண்டு. தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய், உச்ச நீதிமன்ற வழக்குகளுக்கு 5 லட்சம். அந்த வருமானத்தைக் காட்டுவதற்கும் வட்டாட்சியர் அலுவலகத்தில் காத்திருக்கத் தேவையில்லை. விண்ணப்பதாரர் தம் வருமானம் குறித்துத் தரும் உறுதிமொழி ஆவணத்தையே போதுமானதாகக் கொள்ளலாம் என்று பதின்மூன்றாம் பிரிவு கூறுகிறது.

எழுத்தில் இவ்வளவு தெளிவாக இருந்தும் நடப்பு வேறு மாதிரி இருக்கிறது. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த ஒரு பெண், ஜீவனாம்ச வழக்குக்காக ஒரு வட்டக் குழுவின் அலுவலகத்துக்கு வந்திருந்ததை நான் பார்த்தேன். கண்ணாடித் தட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி வார்க்கும் வேலை. விரல் நுனிகளெல்லாம் சிமெண்டு தின்று வெடித்திருந்தன. ‘வருமானச் சான்றிதழ் வாங்கிட்டு வாம்மா’ என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் பெண், ஆகவே அவரிடம் வருமானத்தைப் பற்றிய பேச்சே எழக்கூடாது. சான்றிதழுக்காக அலைந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் கூலி போகும். அந்த ஊழியரைக் குறை சொல்லி என்ன பயன்? நீதிமன்ற வேலையோடு சேர்த்து இதையும் பார்க்கும்படி விடப்பட்டவர் அவர். இதற்கென்று பயிற்சி பெற்ற தனி ஆளை வைக்க வட்டக் குழுவிடம் பணம் இருந்ததில்லை. தேசிய ஆணைக்குழுவின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி விண்ணப்பத்தின்மீது உடனுக்குடன், கூடிப்போனால் ஏழு நாட்களுக்குள், முடிவெடுக்க வேண்டும். வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால் அந்த ஏழு நாள் கணக்கே தொடங்காது. எனவே உங்கள் ஊர்க்காரர் யார் போனாலும் எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கிவரச் சொல்லுங்கள்.

பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை என்பதன் முழுப் பொருள் செட்டிநாட்டில்தான் விளங்கும். எழுபது எண்பது வருடத்து வீடு. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கும். பங்காளிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலுமாகப் பிரிந்திருப்பார்கள். பர்மாத் தேக்குத் தூண்களையும் நிலைக்கதவுகளையும் கழற்றிக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு விற்க ஒருவர் முனைவார். பங்கு இருந்தும் சாவி கையில் இல்லாத ஓர் ஆச்சி பாகப்பிரிவினை வழக்குப் போட நினைத்தால் என்ன ஆகும்? கூட்டு அனுபவத்தில், அதாவது மற்றப் பங்காளிகளோடு சேர்ந்து சொத்தை ஆண்டு வருபவர் என்றால் நீதிமன்றக் கட்டணம் சிறு தொகையோடு முடியும். அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் என்றால் அவருடைய பங்கின் சந்தை மதிப்பின்மீது கட்டணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2017இல் அந்த விகிதத்தை ஏழரை சதவீதத்திலிருந்து மூன்று சதவீதமாகக் குறைத்தார்கள். குறைத்தபின்னும், 40 லட்ச ரூபாய்ப் பங்குக்குக் கட்டணம் 1 லட்சத்து 20 ஆயிரம். பெரிய வீட்டுக்கு உரிமையாளர், கையில் மருந்துக்குக்கூடக் காசில்லாதவர் என்ற நிலை இங்கே புதிதன்று. அவருக்குச் சட்டப்படி உதவி கிடைக்கும். நீதிமன்றக் கட்டணம், சம்மன் அனுப்பக் கட்டும் பேட்டா, சான்றிட்ட நகலுக்கான செலவு, வழக்கறிஞர் கட்டணம் எல்லாம் அந்த உதவிக்குள் அடங்கியவை. கேட்பதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை. அதே சமயம் கடை வாடகையும் வட்டியும் வந்துகொண்டிருக்கிற ஒருவர், சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக மட்டும் இந்தச் சிறிய நிதியத்திலிருந்து லட்சக்கணக்கில் கட்டணம் கேட்பது எனக்கு முறையாகப் படவில்லை. சட்டம் அவரைத் தடுக்காது. சங்கத்தார்தாம் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

இனிப் பணம் தேங்கும் இடத்துக்கு வருவோம். உரிமையியல் வழக்குகளிலும் குடும்ப வழக்குகளிலும் உதவி கேட்பவருக்குக் குழுவின் பட்டியலில் இருக்கும் ஒரு வழக்கறிஞர் நியமிக்கப்படுகிறார். இவரைப் பேனல் வழக்கறிஞர் என்று நீதிமன்றத்தில் சொல்வார்கள். நியமன ஆணை கிடைத்ததும் வக்காலத்து, பிராது, ஆவணப் பட்டியல் எல்லாம் அவர் தயாரிக்க வேண்டும். தட்டச்சு, ஜெராக்ஸ், அஞ்சல், குமாஸ்தாவின் கைச்செலவு ஆகியவை அன்றன்றைக்கு ரொக்கமாகப் போகும். அவருக்கு உரிய கட்டணமோ அட்டவணைப்படி படிப்படியாகவோ, வழக்கு முடிந்து தீர்ப்பு நகலை இணைத்துப் பில் கொடுத்த பிறகோதான் வரும். அப்போது மாவட்ட நிதியத்தில் ஒதுக்கீடு இருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த தவணை வரும்வரை பில் கோப்பிலேயே கிடக்கும். பாகப்பிரிவினை வழக்கு ஒன்று நம் நீதிமன்றங்களில் எத்தனை ஆண்டு ஓடும் என்பது உங்களுக்கே தெரியும். அத்தனை ஆண்டு உழைப்புக்கு, தனியார் கட்சிக்காரர் ஒருவர் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுகிற முன்பணத்தைவிடக் குறைந்த தொகை, அதுவும் தாமதமாக வருகிறது என்றால், அனுபவமுள்ள வழக்கறிஞர்கள் பட்டியலில் பெயர் கொடுக்கத் தயங்குவதில் வியப்பில்லை. பெயர் கொடுப்பவர்களில் உண்மையான ஈடுபாட்டோடு உழைக்கும் இளையவர்களும் உண்டு. ‘செலவுக்கு மட்டும் ஏதாவது கொடுங்க’ என்று கட்சிக்காரரிடமே கை நீட்டுபவர்களும் உண்டு. பின்னது விதிமுறைகளுக்கு முற்றிலும் மாறானது. அப்படிக் கேட்டால் மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்தில் முறையிடலாம், வேறு வழக்கறிஞரையும் கோரலாம். ஆனால் கை நீட்டுபவரைத் தண்டிப்பதால் மட்டும் இந்தப் பழக்கம் போய்விடாது. செலவை முன்கூட்டியே தந்து, கட்டணத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை தீர்த்துவைத்தால், அட்டவணைத் தொகையை உயர்த்தாமலேகூடப் பாதிக் குறை நீங்கிவிடும் என்பது என் கருத்து.

இந்தக் குறையை ஒரு பக்கத்தில் மட்டும் தீர்க்க முயன்றிருக்கிறார்கள். குற்ற வழக்குகளுக்காக 2022இல் கொண்டுவரப்பட்ட திட்டத்தின்படி, மாவட்டத் தலைநகரங்களில் தலைமை, துணை, உதவி என்ற மூன்று நிலைகளில் முழுநேர எதிர்வாத வழக்கறிஞர்கள் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்படுகிறார்கள். அவர்களுக்கு மாதாமாதம் தொகை உண்டு. தனியார் வழக்கு எடுக்கக் கூடாது. அலுவலகமும் உதவியாளரும் தரப்படுகிறார்கள். 2023-24 முதல் மூன்று ஆண்டுகளுக்கு இதற்கென 998 கோடியே 43 லட்சம் ரூபாய் மதிப்பிட்டது மத்திய அரசு. முன்னே சொன்ன ஆண்டு மானியத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது தெரியும். கைதான ஒருவருக்கு முதல் நாளிலேயே பேச ஆள் கிடைப்பது பெரிய நன்மை. அதை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆயினும் அந்தப் பணம் குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நிற்பவருக்கு மட்டும்தான். ஜீவனாம்சம் கேட்கும் பெண்ணும், கூலிப் பாக்கி கேட்கும் தொழிலாளியும், பட்டாவில் பெயர் நீக்கப்பட்ட விதவையும் இன்றைக்கும் பழைய பேனல் முறையிலேயே நிற்கிறார்கள். செட்டிநாட்டுக் கிராமங்களிலிருந்து வரும் உதவிக் கோரிக்கைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவின் கீழ் மாநில அரசு வைத்திருக்கும் வேறு நிதி. தொகையை முடிவு செய்வது மட்டும் சட்டப்பணிகள் ஆணைக்குழு. பொதுச் சேவை மையங்களில் கிடைக்கும் டெலி-லா ஆலோசனையும் மத்தியச் சட்டத்துறையின் தனித் திட்டம். 14454 என்ற எண்ணில் ஆலோசனை மட்டும் கிடைக்கும், வழக்கு நடத்தித் தரமாட்டார்கள். வழக்கு நடத்த உதவி வேண்டுமானால் தேசிய ஆணைக்குழுவின் கட்டணமில்லா எண் 15100.

இரண்டாவது கேள்விக்கு விடை சுருக்கமானது. பணம் அரசினுடையது, பணத்தை ஆள்பவர்கள் நீதிபதிகள். மாவட்ட ஆணைக்குழுவின் தலைவர் மாவட்ட ஆட்சியர் அல்லர், முதன்மை மாவட்ட நீதிபதி. வட்டக் குழுவுக்குத் தலைவர் அங்குள்ள நீதித்துறை அலுவலர்களில் மூத்தவர். மாநில ஆணைக்குழுவுக்கு உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி புரவலர். ஆகவே வட்டாட்சியர் மீதோ, ஊராட்சி மீதோ, காவல் நிலையத்தின் மீதோ வழக்குப் போட வேண்டியிருந்தாலும் உதவி மறுக்கப்படக் கூடாது. ரிட் மனு வேண்டுமானால் மதுரைக் கிளையில் இயங்கும் உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். நான் அறிந்தவரை, அரசு எதிர்த்தரப்பாக இருப்பதால் பேனல் வழக்கறிஞர் எவரும் தளர்ந்ததில்லை. தளர்வது கட்டணம் வராததால்தான்.

மூன்றாவது கேள்விதான் சங்கத்தாருக்கு முக்கியமானது. வெளிநாட்டு உறவினர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்: ஆஸ்திரேலியாவில் மக்களே நடத்தும் சமூகச் சட்ட மையங்கள் இருக்கின்றன. மெல்போர்னில் 1972இல் ஃபிட்ஸ்ராய் பகுதியில் தன்னார்வ வழக்கறிஞர்கள் தொடங்கிய மையம் இவற்றுக்கு முன்னோடி. அங்கே மையம் தனி அமைப்பு; மத்திய, மாகாண அரசுகள் ஒப்பந்தப்படி அதற்கு நிதி தருகின்றன. சிங்கப்பூரிலோ 1958 முதல் அரசே சட்ட உதவி அலுவலகம் நடத்துகிறது. நம் நாட்டு முறை இரண்டாவதற்கு அருகில் இருக்கிறது: அரசு தானே அமைத்த ஆணைக்குழுக்களின் வழியாகவே செலவிடுகிறது. தன்னார்வ அமைப்புகளுக்குக் குறிப்பிட்ட திட்டங்களுக்காக மானியம் தரலாம் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவு தேசிய ஆணைக்குழுவுக்கு அதிகாரம் அளித்திருக்கிறது என்பது உண்மை. அது திட்டத்துக்கான மானியம்; வாடகையும் சம்பளமும் ஆண்டாண்டுக்குத் தந்து ஓர் ஊர் மையத்தை நடத்திக்கொடுக்கும் ஏற்பாடு அன்று. அதை நம்பி மையம் தொடங்காதீர்கள்.

நன்கொடையில் நடத்தலாமே என்றால், இரண்டு தடைகளை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது, தொழில் செய்யும் வழக்கறிஞர் ஒருவர் எந்த நிறுவனத்திலும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்பது இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதி. சங்கம் மாதச் சம்பளத்தில் ஒரு வக்கீலை வைத்து வழக்கு நடத்த முடியாது. வழக்குவாரியாக அவருக்குக் கட்டணம் தரலாம், ஆலோசனைக்கென வாரம் ஒருநாள் அழைத்து மதிப்பூதியம் தரலாம். இரண்டாவது தடை நம் ஊருக்கே உரியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்பும் நன்கொடை, அவர் நம் வீட்டுப் பிள்ளையே ஆனாலும், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பணம். பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் சங்கம் அதை வாங்கினால் குற்றம். பதிவு பெற்றாலும், புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் தொடங்கிய கணக்கில்தான் பெற வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் இந்தத் தடை இல்லை. நன்கொடைப் பட்டியலை எழுதும்போதே யார் எந்த நாட்டுக் குடிமகன் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சிரமத்துக்கு மாற்றாகப் பலரும் கவனிக்காத ஒரு வழி சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் பதினேழாம் பிரிவில் இருக்கிறது. மாநில ஆணைக்குழுவின் முன்அனுமதியோடு, எவரும் மாவட்டச் சட்ட உதவி நிதியத்துக்கு நன்கொடை தரலாம். வக்கீல் கட்டணம் தேங்குவதும் வட்டக் குழுவுக்கு ஆள் இல்லாததும் அந்த நிதியத்தின் வறட்சியால் என்பதால், பணம் விழவேண்டிய இடமும் அதுவே. ஆனால் ஒரு எச்சரிக்கை: நன்கொடையாளர் பெயரில் கல்வெட்டு வைக்கும் வழக்கம் இங்கே எதிர்பார்க்க முடியாதது, கொடுத்த பணம் எந்த வழக்குக்குப் போக வேண்டும் என்று நிபந்தனை விதிக்கவும் கூடாது. நாளை சங்கத்துப் பெரியவர் ஒருவருக்கு எதிராகவே அந்தப் பணத்தில் வழக்கு நடக்கலாம். அதற்கு மனம் ஒப்பாதவர்கள் இந்த வழிக்கு வராமல் இருப்பது நல்லது. இன்னொன்று, தனியார் நன்கொடை வருகிறது என்பதைக் காட்டி அரசு தன் ஒதுக்கீட்டைக் குறைத்துக்கொள்ள இடம் தரக் கூடாது; கொடுக்கும் கடிதத்திலேயே இது அரசு மானியத்துக்கு மேற்பட்ட தொகை என்று எழுதிவிடுங்கள்.

சங்கத்தின் கட்டடத்தை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம். படித்துவிட்டு ஊரோடு இருக்கும் இளைஞர்களையும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும், மகளிர் சுயஉதவிக் குழுக்களில் கணக்கெழுதிப் பழகிய பெண்களையும் சட்டத் தன்னார்வத் தொண்டர்களாகச் சேர்க்கும்படி மாவட்ட ஆணைக்குழுவைக் கேளுங்கள். பயிற்சியை ஆணைக்குழு தரும். வாரத்தில் ஒருநாள் சங்கத்தின் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதித் தருவது, ஆவணங்களை ஜெராக்ஸ் எடுத்து அடுக்கித் தருவது, வட்டக் குழுவுக்கு உடன் சென்று முத்திரை வாங்கித் தருவது ஆகிய இவற்றுக்கு அரசு அனுமதி எதுவும் தேவையில்லை, பெருஞ்செலவும் இல்லை. நான் சொன்ன பட்டறைப் பெண்ணைப் போன்றவர்கள் வெறுங்கையோடு திரும்புவது இப்படி ஓர் ஆள் உடன் இல்லாததால்தான்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. செட்டிநாட்டு ஊர்கள் எல்லாம் ஒரே மாவட்டத்தில் இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டத்து ஊர்க்காரர்கள் சிவகங்கையிலுள்ள மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளருக்கு எழுத வேண்டும். கோனாபட்டு, இராயவரம் பக்கத்து ஊர்க்காரர்கள் புதுக்கோட்டைக்கு எழுத வேண்டும். இரண்டும் வெவ்வேறு நிதியங்கள். ஒன்றில் செலுத்திய பணத்தை மற்றதன் வழக்குக்கு எடுக்க முடியாது. உங்கள் சங்கத்தில் இரு மாவட்டத்து ஊர்களும் உறுப்பாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே தீர்மானம் போடும்போதே இரண்டு தனிக் கடிதங்களாகவும், இரண்டு தனித் தொகைகளாகவும் பிரித்துப் போடுங்கள்.